கருப்பைத் தேடிக் கொல்லிமலைக்கு

முகம் தெரியாத ஒருவரோடு ஏழு வருஷ காலம் இடைவிடாமல் சண்டை போட முடியுமா என்று கேட்டால், எங்கள் பாட்டனார்கள் சிரித்திருப்பார்கள். அவர்கள் காலத்தில் சண்டை போட வேண்டுமானால் எதிராளியின் வீட்டுத் திண்ணை வரையிலாவது நடந்து போக வேண்டியிருந்தது. இப்போது அந்தச் சிரமம் இல்லை. சட்டைப் பையில் இருக்கும் கைத்தொலைபேசியிலேயே சண்டைக்கு வேண்டிய சகல சௌகரியங்களும் அமைந்திருக்கின்றன.

எங்கள் சண்டைக்குக் காரணம் சொத்துமல்ல, அரசியலுமல்ல. ஒரு தொலைக்காட்சித் தொடர். 1990-களின் பிற்பகுதியில் சன் தொலைக்காட்சியில் வந்த ‘மர்மதேசம்’ என்ற தொடரை வாசகர்களில் பலர் மறந்திருக்க மாட்டார்கள். இந்திரா சௌந்தர்ராஜன் கதை எழுத, நாகா இயக்கியது. அதிலே ‘விடாது கருப்பு’ என்ற பகுதி வந்த நாட்களில் நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டதும் தாயாரின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வோம். ஆனால் ஒரு கண்ணை மட்டும் வெளியே விட்டு வைத்திருப்போம். ஊரிலே குற்றம் செய்கிறவர்களுக்கெல்லாம் தண்டனை கிடைக்கிறது. தண்டிப்பது காவல் தெய்வமான கருப்பசாமியா, அல்லது மனிதன்தானா? இதுதான் கேள்வி. தொடர் முடிந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. எங்களுக்குள் அந்தக் கேள்வி மட்டும் முடியவில்லை.

கோயம்புத்தூர், மதுரை, சென்னை, பெங்களூர் என்று பல ஊர்களில் இருக்கும் நாங்கள் இணையத்தில் ஒருவரை ஒருவர் கண்டுகொண்டு, ஏழு பேராக ஒரு குழு சேர்ந்தோம். அறுவர் எங்கள் பெயரையும் படத்தையும் மறைக்கவில்லை. ஏழாவது ஆசாமி மட்டும் ‘கருப்பு’ என்ற புனைபெயரோடு வந்து சேர்ந்தார். படம் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் அரிவாள் இருந்தது. ஊர், பேர், வயது எதையும் சொல்லவில்லை. ஆனால் தொடரில் எந்தக் காட்சியில் யார் என்ன சொன்னார் என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். நாங்கள் தவறாக ஒரு வார்த்தை எழுதினால் போதும், ஐந்து நிமிஷத்தில் வெட்டு விழும். பதிலுக்கு நாங்களும் சும்மா இருக்கவில்லை. “டேய் கருப்பு, உனக்கு மூளை என்று ஒன்று இருக்கிறதா?” என்று எங்கள் கோயம்புத்தூர் நண்பர் ஒரு நாள் கேட்டேவிட்டார். “உன்னிடம் இருப்பதில் பாதி இருந்தால்கூட இவ்வளவு தெளிவாக யோசிக்க முடியாது” என்று உடனே பதில் வந்தது.

கதாபிமானிகள் இப்படிக் குழுவாகக் கூடுவது உலகத்துக்குப் புதிதல்ல. அமெரிக்காவில் ‘ஸ்டார் டிரெக்’ என்ற தொலைக்காட்சித் தொடர் 1966 முதல் 1969 வரை நடந்து நின்றுபோயிற்று. ஆனாலும் 1972 ஜனவரியில் நியூயார்க் நகரத்து ஹோட்டல் ஒன்றில் அதன் ரசிகர்கள் மகாநாடு கூட்டினார்கள். சில நூறு பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்த இடத்தில் மூவாயிரம் பேருக்கு மேல் வந்து நெருக்கினார்களாம். நம் நாட்டிலும், கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னைப் படித்தவர்கள் இணையத்தில் கூடி, ‘பொன்னியின் செல்வன் வரலாற்றுப் பேரவை’ என்று பெயர் வைத்துக்கொண்டு, சோழ நாட்டுக் கோயில்களைப் பார்க்கச் சேர்ந்து புறப்பட்டார்கள். கதையில் பார்த்த ஊரைக் கண்ணால் பார்க்க வேண்டும், கதையைப் பற்றிப் பேசிய குரலைக் காதால் கேட்க வேண்டும் என்பது மனித சுபாவம்.

ஆனால் எங்களுக்கு அந்த ஆசை வருவதற்கு ஒரு துக்கம் தேவையாக இருந்தது. 2024-ம் வருஷம் நவம்பர் மாதம் இந்திரா சௌந்தர்ராஜன் காலமானார். அன்றிரவு எங்கள் குழுவில் சண்டை நடக்கவில்லை. நள்ளிரவுக்கு மேல் கருப்பு ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: “நாம் ஒரு தடவை நேரில் பார்த்துவிடலாம், நாளை யாருக்கு எப்படியோ.”

எங்கே பார்ப்பது? இடத்தையும் கருப்புதான் சொன்னார். 2025 ஆகஸ்டு 3, ஆடிப் பதினெட்டு; கொல்லிமலை; செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை; குதிரையின் மூக்குக்கு நேர் கீழே; பகல் பதினோரு மணி. மர்மக் கதையில் வருகிற மாதிரி உத்தரவு. இடமும் பொருத்தமானதுதான். சித்தர்கள் தவம் செய்த குகைகள் உண்டென்று சொல்லப்படும் மலை அது. சிரித்தே ஆளைக் கொல்லும் கொல்லிப்பாவையின் மலையும் அதுவே. அந்தப் பாவையைப் பற்றி நற்றிணையிலேயே பேச்சு இருக்கிறது.

விடியற்காலையில் நாங்கள் அறுவரும் நாமக்கல் பஸ் நிலையத்தில் கூடினோம். கூடினோமே தவிரப் பேச்சு எழவில்லை. ஏழு வருஷமாக எழுத்தில் கட்டிப் புரண்டவர்கள், நேரில் ஒருவரை ஒருவர் பார்த்ததும் சம்பந்தி வீட்டார் போல, “காபி ஆயிற்றா?” என்று விசாரித்துக்கொண்டு நின்றோம்.

விழா நாள் என்பதால் பஸ்ஸில் கூட்டம் நெரிந்தது. சேந்தமங்கலத்தில் ஓர் அம்மாள் ஏறினார். எழுபது வயதுக்குக் குறையாது. நெற்றியில் திருநீறு, மூக்குக் கண்ணாடி, கையில் துணிப்பை. எங்களில் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தோம். “எந்த ஊர் கண்ணு நீங்களெல்லாம்?” என்று விசாரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

காரவள்ளியில் மலைப்பாதை ஆரம்பமாகிறது. செம்மேட்டுக்கு ஏறுவதற்குள் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். முதல் பத்து வளைவுகளில் காட்சியின் அழகை வியந்தோம். அடுத்த பத்தில் மௌனம் சாதித்தோம். முப்பதாவது வளைவில், தெய்வம் இல்லை என்று ஏழு வருஷமாக வாதாடி வந்த சென்னை நண்பர் முருகனைக் கூப்பிட்டார். அந்த அம்மாள் துணிப்பையிலிருந்து எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்து, “மோந்துகொண்டே தூரத்து மலையைப் பாருங்கள் தம்பி, பள்ளத்தைப் பார்க்காதீர்கள்” என்றார். பழத்துக்கு உடனே பலன் கிடைத்தது. காற்றும் குளிர்ந்து வந்தது. மிளகுக் கொடி சுற்றிய மரங்களும் அவற்றின் நிழலில் காப்பிச் செடிகளுமாகப் பாதையின் இருபுறமும் பசுமை மூடிக்கொண்டது.

பேச்சுத் துணைக்கு ஓர் ஆள் கிடைத்ததும் எங்கள் வாய்ப்பூட்டு திறந்துகொண்டது. எங்கள் கதை முழுவதையும் அம்மாளிடம் கொட்டினோம். முக்கியமாகக் கருப்பின் அட்டகாசங்களைக் கொட்டினோம்.

“அவன் போலீஸ் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவனாக இருக்க வேண்டும், அம்மா. குறுக்கு விசாரணை அந்த மாதிரி” என்றார் மதுரை நண்பர்.

“இல்லை, கல்யாணமாகாத பாங்கு குமாஸ்தா. வேறு வேலை இருந்தால் ராத்திரி இரண்டு மணிக்குப் பதில் எழுதுவானா?” என்றார் கோயம்புத்தூர் நண்பர். “இன்றைக்கு மட்டும் அவன் வரட்டும், அந்த அரிவாளைப் பிடுங்கி வைத்துக்கொண்டுதான் மறு பேச்சு!”

அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கிற்று. வளைவின் ஆட்டம் என்று நினைத்தோம்.

செம்மேடு அன்று தேர்த் திருநாள் பார்த்தது. ஆண்டுதோறும் ஆடி 17, 18 தேதிகளில் அரசாங்கத்தார் இங்கே வல்வில் ஓரி விழாவை நடத்துகிறார்கள். மலர்க் கண்காட்சி ஒரு பக்கம். வில் வித்தைப் போட்டி ஒரு பக்கம். மலையாளிகள் என்று வழங்கும் இம்மலைப் பழங்குடி மக்கள் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். தினை, சாமை, தேன், மலை வாழைப்பழம், அன்னாசி எல்லாம் வழியோரத்தில் குவிந்திருந்தன. நடுவிலே கல்லான குதிரையின் மேல் ஓரி, வில்லும் கையுமாக வீற்றிருக்கிறான்.

பதினோரு மணிக்குக் குதிரையின் மூக்குக்குக் கீழே நின்றோம். பதினொன்றரை ஆயிற்று. மாலை போடுகிறவர்களும் படம் பிடிக்கிறவர்களும் வந்து போனார்களே ஒழிய, கருப்பு வரவில்லை. “ஏமாற்றிவிட்டான்” என்றார் கோயம்புத்தூர் நண்பர். அவர் குரலில் கோபத்தைக் காட்டிலும் வருத்தம் அதிகமாக இருந்ததை நாங்கள் அறுவரும் உணர்ந்தோம். சண்டைக்காரனைப் பார்க்க இவ்வளவு ஆவலாக இருந்தோம் என்பது அந்த நிமிஷம் வரையில் எங்களுக்கே தெரியாது.

பஸ்ஸில் வந்த அம்மாளும் சிலையடியில்தான் நின்றுகொண்டிருந்தார். “காத்திருக்கிற நேரத்துக்கு இந்த ஓரியின் கதை ஒன்று சொல்லட்டுமா? நான் தமிழ் வாத்தியார்” என்று ஆரம்பித்தார்.

புறநானூற்றில் வன்பரணர் பாடிய கதை அது. பாணர்களும் விறலியரும் காட்டு வழியே வருகிறார்கள். ஒரு வேடன் அம்பு விடுகிறான். அது யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றில் கிடந்த உடும்பின் மேல் போய்த் தைக்கிறது. இவ்வளவு பெரிய வில்லாளி யார் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அவனுக்கு எதிரிலேயே யாழும் முழவும் முழங்க ஓரியின் புகழைப் பாடுகிறார்கள். ஓரிக்கு நிகரான வேட்டுவன் எங்கும் இல்லை என்று அவனிடமே சொல்லுகிறார்கள். தன் பெயரைக் கேட்டதும் அவன் நாணித் தலை குனிகிறான். நான்தான் ஓரி என்று அவன் சொல்லவில்லை. வேட்டையாடிய மானின் இறைச்சியைச் சமைத்துக் கொடுத்து, தன் மலையில் பிறந்த பொன்னையும் மணியையும் அள்ளிக் கொடுத்துவிட்டுப் போகிறான்.

“அவன் ஏன் பெயரைச் சொல்லவில்லை?” என்று கேட்டோம்.

“சொல்லியிருந்தால் பாட்டு நின்றுபோயிருக்கும், எல்லோரும் கும்பிட்டுக்கொண்டு நின்றிருப்பார்கள்” என்றார் அம்மாள். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எனக்கு ஒருவரும் பாட்டுப் பாடவில்லை, பஸ்ஸில் திட்டத்தான் திட்டினீர்கள். ஆனாலும் கேட்க நன்றாகத்தான் இருந்தது. என்னிடம் கொடுக்கப் பொன் கிடையாது, கண்ணு. ஓர் எலுமிச்சம்பழம் இருந்தது, கொடுத்துவிட்டேன்.”

எங்களுக்கு விஷயம் விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கோயம்புத்தூர் நண்பரின் நிலைமையைக் கேட்பானேன்! ஏழு வருஷமாக அவர் எழுதிய ‘டேய்’கள் அத்தனையும் வரிசையாக அவர் கண் முன்னால் வந்து நின்றிருக்க வேண்டும். “அம்மா... மன்னித்துவிடுங்கள், நீங்கள் என்று தெரியாமல்...” என்று தடுமாறினார்.

“இதற்குப் பயந்துதான் சொல்லாமல் இருந்தேன்” என்றார் அவர். “நீ என்பது நீங்கள் ஆகிவிட்டது பார். நாளையிலிருந்து நான் எழுதுவதெல்லாம் சரியாகிவிடும்.”

தொடர் நடந்த நாட்களில் அவர் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் மறுநாள் வகுப்பில் வேறு எதையும் பேசாததால், என்னதான் அது என்று தாமும் பார்க்க ஆரம்பித்தார். அவர் கணவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு காட்சிக்குக் காட்சி எதிர்வாதம் செய்வாராம். அவர் போய்ப் பல வருஷங்கள் ஆகின்றன. “பிள்ளைகள் ‘சரிம்மா’ என்கிறார்கள். தெருவில், ‘டீச்சர் சொன்னால் சரி’ என்கிறார்கள். உனக்கு மூளை இருக்கிறதா என்று கேட்க எனக்கு யார் இருக்கிறார்கள், நீங்கள் ஆறு பேர் தவிர?”

நம் தமிழில் மரியாதை ஒரு பெரிய செல்வம். அதற்கு இப்படியும் ஒரு விலை உண்டு என்று அன்றைக்குத்தான் கண்டோம்.

மத்தியானம் வேறு பஸ் பிடித்து அறப்பளீசுவரர் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இறங்கினால் ஆகாய கங்கை அருவி. அத்தனை படிகளை அம்மாளால் இறங்க முடியாது. “நீங்கள் போய்க் குளித்துவிட்டு வாருங்கள், நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்” என்றார். நாங்கள் தயங்கி நிற்கையில், கொல்லிப்பாவை தெய்வமா, பகைவரைப் பயமுறுத்த மனிதன் செய்து வைத்த பொம்மையா என்று சென்னை நண்பர் சும்மா இராமல் கேட்டு வைத்தார். எலுமிச்சம்பழத்தின் உதவியால் அவருடைய நாஸ்திகம் பூரணமாகக் குணமடைந்திருந்தது.

அவ்வளவுதான். அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். அருவியில் குளித்துவிட்டு ஈரத் துணியோடு மேலே வந்தவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள். பாவையிலிருந்து கருப்பசாமிக்கும், அங்கிருந்து தொடரின் கடைசிக் காட்சிக்கும் வாதம் தாவிற்று. கோயம்புத்தூர் நண்பர் மட்டும் வாய் திறக்கவில்லை. பொழுது சாய்கிற வேளையில், நாமக்கல்லுக்குக் கடைசி பஸ் தவறிவிடும் என்று யாரோ எச்சரித்த பிறகே எழுந்தோம். எழுபது வளைவு ஏறிவந்தும் ஆகாய கங்கையை நாங்கள் அறுவரும் பார்க்கவில்லை.

சேந்தமங்கலத்தில் அம்மாள் இறங்கிக்கொண்டார். நாமக்கல்லை அடைந்தபோது எல்லோருடைய கைத்தொலைபேசியும் ஒரே சமயத்தில் ஒலித்தது. பழைய அரிவாள் படம். “இன்று நீங்கள் பேசியதில் மூன்று தப்பு” என்று ஆரம்பித்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று கருப்பு வெட்டித் தள்ளியிருந்தார்.

நாங்கள் கோயம்புத்தூர் நண்பரைப் பார்த்தோம். அவர் எழுதுவதும் அழிப்பதுமாக வெகு நேரம் போராடினார். கடைசியில் எங்கள் எல்லோருக்கும் அந்தப் பதில் வந்து சேர்ந்தது:

“கருப்பு, நீ சொல்வது சுத்த அபத்தம். பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தீர்களா, அம்மா?”