கிணற்றடியும் தொட்டியடியும்: சீயமங்கலம் வட்டாரத்தை முன்வைத்து ஒரு களக்குறிப்பு

செஞ்சிக்கு வடக்கே, தேசூரை அடுத்துள்ள சீயமங்கலம், முதலாம் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைவித்த அவனிபாஜன பல்லவேசுவரத்தால் வரலாற்றில் இடம்பெற்ற ஊராகும். குடைவரைக்கு இடங்கொடுத்த இத்தகைய கடினப் பாறை, நீரைத் தன் வெடிப்புகளிலும் சிதைந்த மேலடுக்கிலும் மட்டுமே தேக்கிவைப்பதால், இப்படிப்பட்ட நிலப்பகுதிகளில் ஆழ்துளைக் கிணறு ஊற்று கிடைக்கும் இடத்திலும், மேல்நிலைத் தொட்டி குடியிருப்பை ஒட்டிய மேட்டிலுமாக விலகி நிற்க நேர்கிறது. இரண்டுக்கும் இடையில் சைக்கிளில் போய்வந்து, மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து மோட்டாரைப் போட்டு நிறுத்துபவரே தொட்டி இயக்குபவர். அவருடைய அந்த அலைச்சலைக் குறைக்கவே வலைப்பின்னலில் இணைந்த கண்ட்ரோலர்கள் வருகின்றன.

தொட்டியடியில் ஒன்று, கிணற்றடியில் ஒன்று என வைக்கப்படும் இக்கருவிகளில் இன்புட் என்பது சுவிட்ச் மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்பதை மட்டும் அறியும் முனை. அவுட்புட் என்பது ஒரு சிறு ரிலேயை இயக்கும் முனை. தொட்டியின் நீர்மட்டத்துக்கேற்ப மூடித் திறக்கும் மிதவை சுவிட்சின் நிலை தொட்டியடிக் கருவியின் இன்புட்டில் பதிவாகி, கிணற்றடிக் கருவியின் அவுட்புட்டில் அப்படியே பிரதிபலிக்க வேண்டும். மோட்டாரின் மின்சாரத்தை அந்த ரிலே தாங்காது என்பதால், அது ஸ்டார்டரிலுள்ள கான்டாக்டரை மட்டுமே இழுக்கிறது.

இவ்விரண்டையும் பேசவைக்க, மோடிகான் நிறுவனம் 1979இல் வெளியிட்ட மோட்பஸ் என்னும் தொடர்புமுறை இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. ஒரே உள்வலையில் இருந்தால் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி ஐபி முகவரி கொடுத்து, எந்த இன்புட் எந்த அவுட்புட்டுக்கு என்று பொருத்தினால் போதும். சிம் கார்டு வழியாக என்றால், அவற்றுக்குப் பெரும்பாலும் வெளியிலிருந்து அணுகத்தக்க முகவரி கிடைப்பதில்லை. எனவே இரு கருவிகளும் நடுவிலுள்ள ஒரு சர்வரைத் தாமே தொடர்புகொண்டு அதன்வழி செய்தி பரிமாறுகின்றன. அதற்குப் பயன்படும் எம்கியூடிடி முறை, எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழி கண்காணிப்பதற்காக 1999இல் உருவானது.

இதுவரை சொன்னது கையேட்டைப் பார்த்து எவரும் செய்துவிடக்கூடிய வேலை. தொடர்பு அறுந்தால் மோட்டார் என்ன செய்ய வேண்டும் என்று முடிவெடுப்பதில்தான் இத்தொழிலின் அறிவு முழுவதும் அடங்கியிருக்கிறது. கடைசியாக வந்த நிலையிலேயே தொடர்க என்று அமைத்துவிட்டால், தொட்டி நிரம்பி வழிந்தபடியே இருக்கும். கிணறு வற்றினாலோ நீர்மூழ்கி மோட்டாரின் காயில் எரிந்துபோகும். ஆகவே குறிப்பிட்ட நேரத்துக்குள் புதுச்செய்தி வராவிட்டால் அவுட்புட் தானாக அணையுமாறு அமைப்பதே குடிநீர் மோட்டாருக்குச் சரியானது. வெள்ளநீரை வெளியேற்றும் மோட்டாருக்கோ இதே அமைப்பு கேடாக முடியும். அதேபோல, நிலை மாறும்போது மட்டும் செய்தி அனுப்பும் ஏற்பாட்டில் ஒரு செய்தி தவறினாலும் இருபுறமும் வெவ்வேறு நிலையில் நின்றுவிடும் என்பதால், மாறினாலும் மாறாவிட்டாலும் நிலையை இடைவிடாது அறிவித்துக்கொண்டிருக்கச் செய்வதே நல்லது. மின்தடைக்குப் பின் உயிர்பெறும் கிணற்றடிக் கருவி பழைய கட்டளையை நம்பாமல், புதுச்செய்தி வந்த பிறகே, அதுவும் மின்னழுத்தம் சீரடையும் வரை சற்றுப் பொறுத்தே, மோட்டாரை ஓட்ட வேண்டும். மிதவையின் ஒயர் அறுந்தால் அது 'நீர் போதும்' என்று பொருள்படுமாறு இணைப்பதும், நீரின்றி ஓடுவதைத் தடுக்கும் காப்பை வலைப்பின்னலை நம்பாமல் ஸ்டார்டரிலேயே வைப்பதும் இவ்வகைப்பட்ட முடிவுகளே.

இம்முடிவுகளுக்கு வேண்டிய செய்திகளைக் கணினியில் அமைப்பைப் பதிபவர் அறிவதில்லை. கோடையில் எத்தனை நிமிடத்தில் கிணறு இறங்கும், எந்த நேரத்தில் மின்னழுத்தம் தாழும் என்பவை தொட்டி இயக்குபவருக்கும் மோட்டார் மெக்கானிக்குக்கும் மட்டுமே தெரிந்தவை. அவர்களைக் கேட்காமல் அமைத்துவிட்டுச் செல்லும் இடங்களில், ஆட்டோ சுவிட்ச் நாளடைவில் மேனுவலுக்குத் திரும்பிவிடுவதில் வியப்பில்லை. அதைப் பணியாளரின் அறியாமை என்று சொல்வது அநீதி.

இப்பணியை மேற்கொள்ளும் ஒவ்வொரு ஒப்பந்தக்காரரும் பூட்டுமுன் தொட்டி இயக்குபவரிடம் கேட்க வேண்டும். பூட்டிய பின் முகவரிகளையும் நேர அளவுகளையும் தொடர்பு அறுந்தால் நடப்பதையும் தமிழில் எழுதி, பேனல் கதவின் உட்புறத்தில் ஒட்டிவைக்க வேண்டும்.