யாரும் குளிக்காத வெந்நீர்

குன்னூரில் இருக்கிற நமக்கு வெந்நீர் ஓர் ஆடம்பரம் இல்லை என்று சமவெளிக்காரர்களிடம் சொன்னால் புரியாது. ஜனவரி மாதம் விடியற்காலையில் நம் ஊர்க் குழாய்த் தண்ணீரில் கை வைத்துப் பார்க்கட்டும், தெரியும்!

எங்கள் வீட்டில் 15 லிட்டர் ஹீட்டர் இருக்கிறது. ரொம்பப் பழசு. ‘அடிக்கடி ஆன், ஆஃப் பண்ணினால்தான் கரண்ட் அதிகம் இழுக்கும்’ என்று யாரோ சொன்னதை நம்பி, நாள் முழுக்க ஆனிலேயே கிடந்தது. போன குளிர்காலத்தில் பில் ஏறியது. “ஏம்மா, இவ்வளவு வெந்நீர் வேணுமா?” என்று அப்பா பாட்டியிடம் ஒரே ஒரு தடவைதான் கேட்டார். பாட்டி பதில் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து பச்சைத் தண்ணீரில் கை, கால் மட்டும் கழுவிக்கொண்டு வந்துவிட்டார். மூட்டுவலிக்காரர். கேட்டால், “எனக்குக் குளிரலை கண்ணு” என்றார். எனக்கு அது பொறுக்கவில்லை.

தன் வெப்ப ஏற்புத்திறன் பாடம் நினைவிருக்கிறதா? ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற 4.2 கிலோ ஜூல் வேண்டும். பாட்டிக்கு 20 லிட்டர் பக்கெட் ஒன்று. 15 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு 2,100 கிலோ ஜூல். ஒரு யூனிட் என்பது 3,600 கிலோ ஜூல். ஆக, பாட்டியின் குளியல் முக்கால் யூனிட்கூட இல்லை!

அப்படியானால் மிச்சம் எங்கே போகிறது? ஒருநாள் ராத்திரி ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஹீட்டரை மட்டும் ஆனில் விட்டோம். குழாயை யாரும் திறக்கவில்லை. 9 மணிக்கும் காலை 5 மணிக்கும் மீட்டரைப் பார்த்தேன். 0.4 யூனிட் ஓடியிருந்தது. அப்போ ஒரு நாளைக்கு 1.2 யூனிட், யாருமே குளிக்காமல்! தொட்டி ஆற ஆற, ஹீட்டர் ‘டக்’கென்று தானே எரிந்து மறுபடி சூடாக்குகிறது. கொதிக்கிற டீ சீக்கிரம் ஆறும், வெதுவெதுப்பான டீ மெதுவாகத்தான் ஆறும் இல்லையா? தொட்டியும் அப்படித்தான். எப்போதும் சூடாக வைத்திருந்தால் எப்போதும் அதிகமாக வெப்பத்தை இழக்கும். அதனால் அந்த ‘ஆன், ஆஃப்’ பேச்சு தப்பு.

கணக்கைக் காட்டியதும் அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு பாட்டியிடம் போய், “நாளையிலிருந்து நீங்கதான் முதல்ல குளிக்கணும்மா” என்றார்.

உண்மையில் இந்த நேரக்கணக்கு பாட்டிக்குப் புதுசே இல்லை. விறகடுப்புக் காலத்தில் சோறு வடித்து இறக்கியதும் அந்தத் தணலிலேயே வெந்நீர்ப் பானையை ஏற்றிவிடுவாராம். தணல் அவிவதற்குள் எல்லோரும் குளித்தாக வேண்டும். வராதவனுக்குப் பச்சைத் தண்ணீர்தான்!

எங்கள் ஹீட்டர் 2,000 வாட். 15 லிட்டரை 15 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 21 நிமிடம் ஆகும். அதனால் 5.30-க்குப் போட்டால் 6 மணிக்குப் பாட்டி குளிக்கலாம். பிறகு அம்மா, நான், அப்பா, கடைசியாக அண்ணன். நடுவில் இடைவெளி விடுவதில்லை. முக்கியமான விஷயம், அண்ணன் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தொட்டியில் இருக்கிற சூடு ஒரு பக்கெட்டுக்குத் தாராளம். அணைக்காமல் குளித்தால், புதிதாக உள்ளே வரும் பச்சைத் தண்ணீர் யாருக்கும் இல்லாமல் சூடாகும். அந்த ஒன்றிலேயே 0.7 யூனிட் வரை போய்விடும்.

ஒரு வாரம் மீட்டரைக் குறித்து வைத்தோம். நாளுக்குச் சுமார் ஒரு யூனிட் குறைந்திருக்கிறது. அண்ணன்தான் அடிக்கடி மறந்துவிடுகிறான். இப்போது அவனை அதட்டுவது பாட்டியின் வேலை.

குளியலறைக் கதவில் அட்டவணை ஒட்டியிருக்கிறோம். அதில், ‘வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல், பாட்டிக்கு 2 பக்கெட், 20 நிமிடம் கூடுதல்’ என்பது மட்டும் அப்பாவின் கையெழுத்து.

- ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி