நான்கு அங்குலப் பட்டை

தியானப் பகுதி: லேவியராகமம் 14:33-53



பாளையங்கோட்டையில் எங்கள் தகப்பனார் கட்டிய வீட்டை, அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்த பின்பு, அண்ணனும் நானும் நடுச்சுவரை எல்லையாக வைத்துப் பங்கிட்டுக்கொண்டோம். அந்நாளில் கசப்பான வார்த்தைகள் பேசப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை என்னுடையவை. அதன்பின் நான்கு ஆண்டுகளாகக் கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்ததும் கைகுலுக்குவோம். ஆலய வாசலில் சுகம் விசாரிப்போம். காண்கிறவர்களுக்கு நாங்கள் ஒருமனமுள்ள சகோதரர்கள்.

சென்ற கோடையில், மகளின் நிச்சயதார்த்தத்தை அந்த வீட்டில் நடத்தத் தீர்மானித்து, கூடத்திற்கு டைல்ஸ் போட்டோம். தரை வேலை முடிந்தது. ஸ்கர்ட்டிங் மட்டும் மீதியிருந்தது. தரையும் சுவரும் சேருமிடத்தில், சுவரின் அடியில் நான்கு அங்குல உயரத்திற்கு ஓடும் பட்டை அது. தரை துடைக்கும் தண்ணீர் சுவரில் படாமல் காக்கும். தரை ஓட்டின் வெட்டு விளிம்பையும் மறைக்கும். அப்பா காலத்தில் அதைச் சிவப்புக் காவி சிமெண்டில் கையாலேயே தேய்த்து இழைத்திருந்தார்கள்.

நடுச்சுவரின் அடியில் முழங்கால் உயரத்திற்கு ஓதம் ஏறியிருந்தது. பூச்சு பொரிந்து உப்புப் பூத்திருந்தது. விருந்தினர் வர இன்னும் 15 நாட்களே இருந்தன. "அதன்மேலேயே ஒட்டிவிடுங்கள், மீதியைப் பெயிண்ட் மறைத்துவிடும்" என்றேன். கொத்தனார் கரண்டியின் பிடியால் சுவரைத் தட்டினார். பொத்தென்று வெற்றுச் சத்தம் கேட்டது.

"ஒட்டிருவேன் ஐயா. விசேஷத்துக்கு நல்லாத்தான் இருக்கும். ஆனா இந்த டைல்ஸ் தண்ணியக் குடிக்காது. ஈரம் வெளிய வர வழியில்லாம மேல ஏறும். இன்னைக்கு முழங்கால் அளவு நிக்கது, வர்ற வருஷம் இடுப்பளவு நிக்கும். மொதல்ல தண்ணி எங்கருந்து வருதுன்னு பாக்கணும்" என்றார்.

அன்றிரவு லேவியராகமம் 14-ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. இறையியல் கல்லூரியில் அதைப் படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறேன், ஒருநாளும் பிரசங்கித்ததில்லை. வீட்டுச் சுவரில் தோஷம் தோன்றினால் என்ன செய்யவேண்டும் என்பதை அங்கே கர்த்தர் கட்டளையிடுகிறார். வீட்டுக்காரன் தானே ஆசாரியனிடம் வந்து தெரிவிக்கவேண்டும். பச்சையோ சிவப்போ ஆன குழிகள் சுவருக்குள் ஆழ்ந்திருக்கின்றனவா என்று ஆசாரியன் பார்க்கவேண்டும். பின்பு வீடு ஏழு நாள் அடைத்து வைக்கப்படும். தோஷம் பரவியிருந்தால் அந்தக் கற்களைப் பெயர்த்து, உட்புறமெங்கும் செதுக்கி, வேறே கற்களையும் வேறே சாந்தையும் கொண்டு புதுப்பிக்கவேண்டும். மீண்டும் தோன்றினால்தான் வீட்டை இடிக்கவேண்டும். அவசரப்பட்டு இடிப்பதும் இல்லை. அவசரப்பட்டுப் பூசுவதும் இல்லை. நானோ ஆசாரிய ஊழியத்தைச் செய்கிறவன். என் வீட்டுச் சுவரைப் பூசிவிடச் சொன்னவனும் நானே.

அந்தச் சுவருக்கு அப்பால் அண்ணனுடைய குளியலறை இருக்கிறது. ஆகவே கசிவு அவர் பக்கத்தில்தான் என்று நிச்சயித்துவிட்டேன். என்ன சொல்லவேண்டும் என்பதையும் மனத்திற்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு, நான்கு ஆண்டுகளுக்குப் பின் அவர் கதவைத் தட்டினேன். "வா" என்றார்; வேறொன்றும் சொல்லவில்லை. கொத்தனார் இரு வீட்டுக் குழாய்களையும் இரவில் அடைக்கச் சொல்லி, இரண்டு மாடித் தொட்டிகளிலும் நீர்மட்டத்தைக் கரிக்கோட்டால் குறித்தார். காலையில் பார்த்தோம். அண்ணன் தொட்டியில் நீர் கோட்டிலேயே நின்றது. என் தொட்டியில் நான்கு விரற்கடை குறைந்திருந்தது. சுவரை உடைத்தபோது, என் தொட்டியிலிருந்து இறங்கும் பழைய இரும்புக் குழாய், வளைவில் துருப்பிடித்துக் கசிந்துகொண்டிருந்தது.

"அண்ணே, கசிவு என் பக்கந்தான். அன்னைக்கு நான் பேசினதும் தப்பு. மன்னிச்சிருங்க" என்றேன். அவர் வெகுநேரம் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சுவர் காய நாளாகும்டா" என்றார். மதினி தேநீர் கொண்டுவந்தார்கள்.

குழாயை மாற்றி, ஓதம் ஏறிய கோட்டுக்கு மேலே ஒரு அடி வரை பூச்சைச் செதுக்கி, உப்பைத் துடைத்து, செங்கல் தெரியச் சுவரைக் காயவிட்டோம். அந்தச் சுவரோடுதான் நிச்சயதார்த்தம் நடந்தது. கேட்டவர்களிடம் "ஈரம் காய்கிறது" என்றேன். மணமகன் வீட்டாரை வாசலில் நின்று வரவேற்றவர் என் மகளின் பெரியப்பா.

இரண்டு மாதங்களுக்குப் பின் மறுபூச்சு பூசி ஸ்கர்ட்டிங் ஒட்டினோம். கொத்தனார் அங்கங்கே கலவையை அப்பாமல் ஓட்டின் முதுகு முழுவதும் பரப்பினார். வெளிமூலையில் இரு துண்டுகளையும் 45 பாகையில் தேய்த்துப் பொருத்தினார். நாணயத்தால் தட்டிப் பார்த்தேன். வெற்றுச் சத்தம் எங்கும் இல்லை.

அன்பானவர்களே, பட்டை ஒட்டுவது தவறன்று. அன்பு திரளான பாவங்களை மூடும் என்றே அப்போஸ்தலனாகிய பேதுரு எழுதுகிறார். ஆனால் காயாத சுவரின்மேல் ஒட்டுவது மறைப்பு. காய்ந்த சுவரின்மேல் ஒட்டுவதே அன்பின் மூடுதல். 32-ஆம் சங்கீதத்தைக் கவனியுங்கள். தாவீது தன் பாவத்தை மறைத்து அடக்கிவைத்த நாளெல்லாம் அவன் எலும்புகள் உலர்ந்துபோயின. அவன் அதை மறைக்காமல் அறிக்கையிட்டபோது தேவன் அதை மூடினார். நாம் மூடினால் ஈரம் மேலே ஏறும். நாம் திறந்துகாட்டினால் அவர் மூடுவார்.

உங்கள் போதகனாக நானும் ஒன்றை அறிக்கையிடவேண்டும். மனஸ்தாபமுள்ள குடும்பங்களைத் திருவிருந்துக்கு முன்பாக அழைத்துக் கைகுலுக்கச் செய்து, "சமாதானமாயிற்று" என்று நான் ஜெபித்ததுண்டு. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்க எனக்குப் பொறுமை இருக்கவில்லை. அப்படிப்பட்ட இல்லங்களுக்கு இனி நான் மறுபடியும் வருவேன்; இம்முறை உட்கார்ந்து கேட்பேன்.

இதனால் பிறருடைய சுவரைத் தட்டிப் பார்க்க ஒருவரும் புறப்படவேண்டாம். வேதம் அழைப்பது வீட்டுக்காரனை. அவன் வந்து சொல்லவேண்டியது தன் வீட்டைக் குறித்து. கணவனோடோ, மனைவியோடோ, உடன்பிறந்தவரோடோ உங்களுக்குள்ள கசப்பு எதுவாயினும், இந்த வாரம் முதலில் உங்கள் தொட்டியில் கோடு போடுங்கள். காலையில் நீர் எங்கே நிற்கிறதென்று பாருங்கள்.

ஜெபம்: எங்கள் வீடுகளைக் கட்டுகிற கர்த்தாவே, நாங்கள் அழகாய் மூடிவைத்த இடங்களை நீர் அறிவீர். அவற்றை உமக்கு முன்பாகத் திறக்கும் தைரியத்தையும், காயும்வரை காத்திருக்கும் பொறுமையையும் தாரும். பின்பு உமது அன்பினால் எங்களை மூடும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.