தண்ணீருக்கு முன்னால் ஒரு மணித்தியாலம்

வன்னியில் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களுடன் பல ஆண்டுகளாக வேலை செய்துவருகிறேன். எமது கூட்டங்களில் நான் அதிகம் கேட்ட வசனம், "சும்மா இருந்தால் யோசனை வந்திடும் தங்கச்சி" என்பதுதான். அடுப்பு, தோட்டம், கூலிவேலை, கடன் தவணை என்று நாள் முழுவதும் ஓடுகிறார்கள். உடல் களைக்கிறது, மனம் ஓய்வதில்லை.

1996 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் வேர்மொன்ட் மாநிலத்தில் பெண்கள் தொடங்கிய 'காஸ்டிங் போர் ரிகவரி' என்ற அமைப்பைப் பற்றி வாசித்தபோது இவர்களையே நினைத்தேன். மார்பகப் புற்றுநோய்க்கு ஆளான பெண்களை நீர்நிலைகளுக்கு அழைத்துச் சென்று, கட்டணமின்றித் தூண்டில் போடக் கற்றுக்கொடுக்கிறார்கள். 'பிளை பிஷிங்' எனப்படும் இம்முறையில் புழு கொளுவுவதில்லை. இறகும் நூலும் சுற்றிப் பூச்சிபோல் ஆக்கிய முள்ளைக் கையை முன்னும் பின்னும் வீசி எறிவார்கள். சத்திரசிகிச்சைக்குப் பின் வைத்தியர்கள் சொல்லும் கைப்பயிற்சியும் ஏறத்தாழ இப்படிப்பட்டதுதான். 2005 இல் காயமுற்ற படைவீரர்களுக்காகவும் அங்கு இதுபோன்ற திட்டமொன்று தொடங்கியது. போருக்குச் சென்றவரை ஆறு தேற்றுமானால், போரைத் தாங்கிய பெண்களைத் தேற்றாதா?

அங்கு இம்முறையில் பிடிக்கும் மீன்களில் கார்ப் மீனும் ஒன்று. ஒருகாலம் குப்பை மீன் என்று ஒதுக்கப்பட்டது; இன்று அதையே தேடிப் போகிறார்கள். காரணம், அது இலகுவில் அகப்படாது. சேற்றைக் கிளறி இரை தேடும் அந்த மீன், கரையில் காலடி அதிர்ந்தாலும் நிழல் விழுந்தாலும் விலகிவிடும். அதற்காக அசையாமல், நீரையே பார்த்திருக்க வேண்டும். மீனைவிட அந்த இருப்புத்தான் மருந்து என்று எனக்குத் தோன்றுகிறது.

கார்ப் எமக்கும் புதிதல்ல. எமது குளங்களில் விடப்படும் ரோகு, கட்லா என்பனவும் அதே இனத்தவைதான். திலாப்பியா குளத்திலேயே பெருகும். ரோகுவும் கட்லாவும் ஓடும் ஆற்றுநீரில் முட்டையிடுபவை என்பதால் குளத்தில் குஞ்சுகளை விட்டே வளர்க்க வேண்டும்.

கிளிநொச்சிப் பக்கக் குளமொன்றுக்கு எமது குழுவின் ஆறு பெண்கள் ஞாயிறு பின்னேரங்களில் தூண்டிலுடன் போகத் தொடங்கினார்கள். விலையுயர்ந்த கருவி எதுவுமில்லை. மூங்கில் தடி, நைலோன் நூல், மிதப்பு, கோதுமை மா உருண்டை. "புருஷனில்லாதவளுக்குக் குளக்கட்டில் என்ன வேலை?" என்று ஊரில் கதைத்தார்கள். அதே குளக்கட்டில் ஆண்கள் பொழுது சாயும்வரை இருப்பதை யாரும் கேட்டதில்லை. பெண் உழைத்தால் பாராட்டும் சமூகம், அவள் சற்று அமர்ந்தால் காரணம் கேட்கிறது.

கணவர் காணாமலாக்கப்பட்ட ஓர் அக்கா முதல் நாள் ஒரு மீனும் பிடிக்கவில்லை. திரும்பும்போது சொன்னார்: "மிதப்பைப் பார்த்துக்கொண்டிருக்குமட்டும் வேறொண்டும் வரேல்லை. எவ்வளவு காலத்துக்குப் பிறகு!" அடுத்த கிழமை எல்லாருக்கும் முதல் வந்து நின்றார்.

தூண்டில் அவருடைய கேள்விக்குப் பதில் தராது. காணாமற்போனவரைத் தேடும் உரிமையையோ, தேவைப்படும் உளவளத்துணையையோ அது ஈடுசெய்யாது. ஆனால் கேள்வியைச் சுமப்பவருக்கும் சுமையை இறக்கிவைக்க ஓரிடம் வேண்டும்.

சகோதரிகளே, போக விரும்பினால் இரண்டு மூன்று பேராகப் போங்கள். ஆழமான இடம், முதலை நடமாடும் இடம் எதுவென்று குளத்து மீனவர் சங்கத்திடம் விசாரியுங்கள். கண்ணிவெடி அகற்றப்பட்ட பாதையை விட்டு விலகாதீர்கள். இருட்ட முன் வீடு திரும்புங்கள். மீன் கிடைத்தால் அன்றைய கறிக்கு உதவும். கிடைக்காவிட்டாலும் அந்த ஒரு மணித்தியாலம் உங்களுடையது.