குத்துவது யார்?

காவேரித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு ஒரு சின்னக் கர்வம் உண்டு. சோறு என்றால் அரிசிச் சோறுதான், மற்றதெல்லாம் கூழ். வரகு, சாமை, தினை என்று யாராவது பேச்செடுத்தால், மழை பொய்த்த சீமைக்காரர்கள் வயிற்றுப்பாட்டுக்காகக் கண்டுபிடித்த ஏற்பாடு என்பது போல ஒரு புன்சிரிப்புச் சிரிப்பார்கள். இத்தனைக்கும் கும்பாபிஷேகத்தின்போது கோபுரக் கலசத்துக்குள் வரகைப் போட்டு வைக்கிற வழக்கம் நம்மிடமே உண்டு. கோபுரத்தின் உச்சிக்கு ஏற்றிய தானியத்தை இலைக்கு மட்டும் இறக்க மாட்டோம்.

இந்தக் கர்வம் தலைமடையில் செல்லும். கடைமடைக்கு வரவர அதன் சுருதி இறங்கிவிடும். காரைக்காலுக்கு வடக்கே, கோட்டுச்சேரிப் பக்கத்திலுள்ள வரிச்சிக்குடி அப்படிப்பட்ட கடைமடை ஊர். மேட்டூரில் கிளம்பும் தண்ணீர் எத்தனையோ ஊர்களின் தாகத்தைத் தீர்த்துவிட்டு, மிச்சம் இருந்தால் இங்கே எட்டிப் பார்க்கும். 1954 நவம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் போனார்கள், கொடி மாறியது, கடைமடை மாறவில்லை. புதுச்சேரிப் பிரதேசத்துக்கு 7 டி.எம்.சி. என்று 2007-ல் காவேரி நடுவர் மன்றம் சொல்லிற்று. 2018-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. ஆனால் அணையிலேயே தண்ணீர் இல்லாவிட்டால் தீர்ப்பைக் கொண்டு நாற்று நட முடியுமா? 2016-ல் வடகிழக்குப் பருவமழையே கைவிட்டது. 2023-ல் ஜூன் 12-ஆம் தேதி முறைப்படி மேட்டூரைத் திறந்தார்கள். வழக்கமாக ஜனவரி 28 வரை ஓடவேண்டிய தண்ணீரை அக்டோபர் மாதமே நிறுத்தும்படி ஆயிற்று.

அதற்கடுத்த சித்திரையில் உறவினர் வீட்டுக்காக வரிச்சிக்குடிக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஐந்து மா நிலம். ஏக்கர் கணக்கில் ஒன்றரைக்குச் சற்று அதிகம். ஆற்றை நம்பிக் குறுவையில் பணத்தைப் போட்டுவிட்டு, பயிரைக் காப்பாற்ற ஆழ்குழாய்த் தண்ணீரை இறைத்திருக்கிறார். கடலோரத்துத் தண்ணீர், உப்பு கரித்தது. பயிர் பாதி, கடன் முழுசு.

"தம்பி, போன வருஷம் பூரா சிறுதானிய வருஷம், சிறுதானிய வருஷம்னு ரேடியோவிலே சொன்னாங்களே, நம்ம மண்ணிலே அது வருமா?" என்று கேட்டார்.

ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்திருந்தது வாஸ்தவந்தான். நான் தெரிந்ததைச் சொன்னேன். நெல்லுக்கு ஏறக்குறைய 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும். சிறுதானியங்களுக்கு 350 முதல் 500 வரை போதும். குதிரைவாலி மூன்று மாதத்தில் அறுவடைக்கு வந்துவிடும். வெயிலும் வறட்சியும் அவற்றை அவ்வளவு சுலபத்தில் சாய்த்துவிடாது.

உள்ளே முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி தலை நிமிராமலே சொன்னார்:

"விளையும் தம்பி, யாரு இல்லேன்னா? குத்துறது யாரு?"

அந்த அம்மாள் பிறந்த ஊர் விருத்தாசலம் பக்கம். வரகு விளைகிற சீமை. வரகரிசி அடுக்கடுக்கான தோலுக்குள் ஒளிந்திருக்கும். அவருடைய தாயார் விடியற்காலையில் உலக்கையைப் பிடித்தால், ஒரு வேளைக் கஞ்சிக்கு வழி பிறப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிடுமாம். "அரிசி மெஷின் வந்த அன்னிக்குத்தான் எங்க அம்மா உட்கார்ந்து சாப்பிட்டா" என்றார்.

எனக்குக் கொல்லிமலை ஞாபகம் வந்தது. அங்கே மலைவாசிகள் சாமையும் தினையும் கேழ்வரகும் பரம்பரையாகப் பயிரிட்டவர்கள். ஆனால் மரவள்ளிக் கிழங்குக்குச் சேலத்து ஜவ்வரிசி ஆலைகள் ரொக்கம் கொடுத்தன, சாமை பின்வாங்கிற்று. கும்பகோணத்தில் பிறந்து, 1960-களில் கோதுமையையும் நெல்லையும் பெருக்கியவர்களில் முதல்வரான எம். எஸ். சுவாமிநாதன், 1988-ல் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனம் அந்த மலையில் பல வருஷம் வேலை செய்தது. விதையைச் சேமிக்கக் கற்றுக் கொடுத்ததோடு நிற்காமல், தோல் நீக்கும் சிறு இயந்திரங்களை ஊருக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். பெண்கள் குழுக்கள் மாவாகவும் மால்ட்டாகவும் பொட்டலம் கட்டி விற்றன. பயிரின் குணம் அதேதான். உலக்கையும் சந்தையுந்தான் மாறின.

வரிச்சிக்குடியில் சம்பாவை எடுத்துவிட்டுச் சிறுதானியம் போடச் சொல்ல மாட்டேன். அங்கே பெய்கிற மழையில் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்க்கும். களிமண்ணில் தேங்குகிற அந்தத் தண்ணீரில் நின்று சமாளிக்க நெல்தான் லாயக்கு. சம்பா அறுத்தபின் மேட்டு வயலில் கேழ்வரகு வைக்கலாம். அதையும் நாற்றுவிட்டு நடலாம் என்பதால் நெல் நட்ட கைக்குப் புதிதில்லை. முக்கியமாக, அதற்கு உரல் வேண்டாம், அப்படியே அரைத்துவிடலாம்.

இதைக் கேட்டபின் அந்த அம்மாள் ஒரு மாவுக்குச் சம்மதித்தார். 2025 மாசியில் நட்டு வைகாசியில் அறுத்தார்கள். ஊரில் அவர்கள் ஒருவர்தான் கேழ்வரகு போட்டவர்களாதலால், குருவிகளெல்லாம் அந்த வயலுக்கே விருந்தாளி. அப்படியும் மூன்று மூட்டை கண்டது. இரண்டு மூட்டை வீட்டுக்கு. மூன்றாவதை விற்கப் போனபோதுதான் சங்கடம். 2024-25-க்கு மத்திய சர்க்கார் அறிவித்த ஆதார விலை, சாதாரண நெல்லுக்குக் குவிண்டால் 2,300 ரூபாய், கேழ்வரகுக்கு 4,290. கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் ஒற்றை மூட்டைக்காக எந்த வியாபாரி வண்டி கட்டுவான்?

"பத்து வீட்டுக்காரங்க சேர்ந்து போட்டா குருவியும் பங்காகும், லாரியும் வரும்" என்று டெலிபோனில் சொன்னார் அவர். பத்துப் பேரில் நான்கு பேர் சம்மதித்திருக்கிறார்களாம். மற்ற ஆறு பேரும், "முதல்லே விலை கையிலே வரட்டும்" என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. தண்ணீரில்லாமல் ஒரு பயிர் தாக்குப் பிடிக்கும். வாங்க ஆளில்லாமல் ஒரு சம்சாரி எத்தனை போகம் தாக்குப் பிடிப்பான்?