நாகம்மாள் என்று பெயர் வைக்கலாம்

படவேட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் ரேணுகா என்ற பெயருக்குப் பஞ்சமில்லை. ரேணுகாம்பாள் குடியிருக்கும் இடம்; ஆடி வெள்ளிக்கு ஆரணி, போளூர், வேலூர் என்று எல்லாப் பக்கமிருந்தும் சனம் வந்து சேரும் இடம். அவள் பெயர் பிள்ளைகளுக்கு வருவது இயல்பு. எல்லம்மா, முனியம்மா எல்லோரும் இன்று ரேஷன் அட்டையில் மூத்தவர்கள் வரிசையில் இருக்கிறார்கள். நாகம்மாளும் அந்த வரிசையில்தான் இருக்கிறாள். ஒன்றாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் அவளைப் பார்ப்பது அரிதாகிவிட்டது. இந்தப் பெயர் போய்விடக் கூடாது என்று நினைக்கிறேன்.

*

பெண் பிள்ளைக்கு ஓர் உயிரினத்தின் பெயர் என்றால் நம் நினைப்பு முதலில் பறவைக்குப் போகும். கிளியம்மாள், மயில், அன்னம், கோகிலா, மைனா. அடுத்து மான்: ஹரிணி, மான்விழி. அதற்கடுத்து மீன்: மீனா, கயல். எல்லாமே அழகு, எல்லாமே சாது. ஆரணிப் பட்டின் கரையிலும் முந்தியிலும் ஏறுவதும் பெரும்பாலும் இதே கூட்டம்தான். அன்னப்பட்சியும் மயிலும் கிளியும் இல்லாத கல்யாணப் புடவையைத் தேடத்தான் வேண்டும். யானையும் யாளியும்கூடக் கரையில் நடக்கின்றன. ஆனால் பெண்ணுக்கு யாளி என்று யாரும் பெயரிடுவதில்லை. சீண்டினால் திருப்பிக் கடிக்கும் உயிர் ஒன்று நம் பெண்களின் பெயருக்குள் பரவலாக நுழைந்தது என்றால், எனக்குத் தெரிந்து அது நாகம்தான்.

*

அது எப்படி நுழைந்தது? புற்று வழியாக.

கல்யாணமாகி வருஷக்கணக்கில் பிள்ளை இல்லாதவள், பிறந்த பிள்ளை தங்காதவள், புற்றுக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்துச் சுற்றி வருவாள். பெண் பிறந்தால் நாகம்மாள், ஆண் பிறந்தால் நாகப்பன் என்று வேண்டிக்கொள்வாள்.

இதன் பக்கத்தில் மற்ற பெயர்களை வைத்துப் பார்க்க வேண்டும். முன்பிறந்தவை இறந்துபோன வீட்டில் அடுத்த பிள்ளையைக் குப்பையில் கிடத்தி எடுத்துக் குப்பம்மாள் என்பார்கள். பிச்சை எடுத்துப் போட்டுப் பிச்சம்மாள் என்பார்கள். எமன் கண்ணுக்கு அந்தப் பிள்ளை மதிப்பில்லாததாகத் தெரிய வேண்டும் என்ற பயம். தொடர்ந்து பெண்ணாகப் பிறந்த வீட்டில் போதும்பொண்ணு. திருத்தணிப் பக்கத்தில் 'வேண்டாம்' என்றே பெயர் வாங்கிய பெண்கள் உண்டு. கூப்பிடும்போதெல்லாம் நீ வேண்டாம் என்று சொல்லும் பெயர்! அதைச் சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் போன பிள்ளைகளை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

நாகம்மாள் இதற்கு நேரெதிர். பெண்தான் பிறக்கும் என்றாலும் சரி, அவள் வரட்டும் என்று சொல்லி, பிறப்பதற்கு முன்பே எடுத்து வைத்த பெயர் அது. அதைத் தாங்கிய ஒவ்வொரு கிழவியும் ஒரு காலத்தில் யாரோ ஒருத்தி தவமிருந்து கேட்ட குழந்தை. இந்த ஒரு காரணம் போதும் எனக்கு.

*

ஆரணி வழியாகப் போகும் ஆற்றின் பெயர் கமண்டல நாகநதி. படவேட்டுக்கு மேலே ஜவ்வாது மலையடிவாரத்தில் செண்பகத்தோப்பு அணை இருப்பதும் இந்த ஆற்று நீருக்குத்தான். ஜமதக்னி முனிவரின் கமண்டலத்தோடு சேர்த்து ஆற்றுக்குக் கதை சொல்வார்கள். ஆற்றைச் சொல்லும்போது நாகம் நம் வாயில் வந்துவிடுகிறது. பிள்ளையைச் சொல்லும்போது மட்டும் ஏன் தயங்க வேண்டும்?

*

நாகத்தைப் பெயரில் தாங்கிய இரண்டு பெண்களை எழுதி வைக்கிறேன்.

ஒருவர் ஈரோட்டு நாகம்மையார். 1898-ல், பதின்மூன்று வயதில், பின்னாளில் பெரியார் என்று அழைக்கப்பட்ட ராமசாமிக்கு மனைவியானார். 1921-ல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலுக்குக் கணவரின் தங்கை கண்ணம்மாளோடு தெருவில் இறங்கினார். வீட்டுப் பெண்கள் வாசலைத் தாண்டினாலே பேச்சு கிளம்பிய காலம். 1924-ல் வைக்கத்தில் பெரியார் கைதானபோது பெண்களைத் திரட்டிச் சத்தியாகிரகத்தில் நின்றார். 1933 மே 11-ல் இறந்தார். கல்லூரிக்குப் போகும் பெண்களின் கல்விக் கட்டணத்துக்குத் தமிழக அரசு வைத்திருக்கும் திட்டம் அவர் பெயரில்தான் இருக்கிறது.

இன்னொருவர் பெங்களூர் நாகரத்தினம்மாள், 1878-ல் பிறந்தவர். தேவதாசி மரபில் வந்த பாடகி. முத்துப்பழனி என்ற பெண் கவிஞர் எழுதிய தெலுங்குக் காவியம் ராதிகா சாந்த்வனத்தை 1910-ல் முழுமையாகப் பதிப்பித்தார். ஆபாசம் என்று ஆங்கில அரசு அதைத் தடை செய்தது. 1947-ல்தான் தடை விலகியது. திருவையாற்றில் தியாகராஜருக்குத் தன் சம்பாத்தியத்தைப் போட்டுச் சமாதிக் கோயில் எழுப்பினார். அங்கே ஆராதனையில் பெண்கள் பாட இடமில்லாதிருந்தது. அதையும் எதிர்த்து நின்றார்.

ஒருவர் கடவுளை மறுத்தவரின் துணைவி. மற்றவர் ராம பக்தை. சேர்ந்து ஒரு பந்தியில் உட்கார்ந்திருப்பார்களா தெரியாது. இரண்டு பேருமே ஒதுங்கிப் போகாதவர்கள். பெயர்தான் அவர்களை அப்படி ஆக்கியது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கு இந்த இரண்டு முகமும் வந்துவிடுகின்றன.

கதையில் ஒருத்தி உண்டு: ஆர். சண்முகசுந்தரம் 1942-ல் எழுதிய 'நாகம்மாள்'. கொங்கு நாட்டு விதவை, நிலத்தில் தன் பங்கைப் பிரித்துக் கேட்கிறாள். முடிவு கொடூரம்.

*

ஆரணியில் ஒரு தறி வீட்டில் கேட்ட பேச்சு.

"ஆயா பேரை வைக்கலாமுன்னு நைனா சொல்றாரு. ஸ்கூல்ல பாம்பு பாம்புன்னு கூப்புடுவாங்களேம்மா?"

"கூப்புடட்டுமே. உன் மாமியார் பேரை நீ வாய் தொறந்து சொல்வியா, அதச் சொல்லு மொதல்ல."

அந்தப் பெரியம்மா சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. பாட்டி பெயரைப் பேத்திக்கு வைப்பது வழக்கம். மாமியார் பெயரை மருமகள் சொல்லக் கூடாது என்பதும் வழக்கம். ஆகவே பதிவேட்டில் நாகம்மாள் என்று எழுதிவிட்டு, வீட்டில் பாப்பா, அம்மு, செல்வி என்று கூப்பிட்டார்கள். கூப்பிடாமலே வைத்திருந்த பெயர் காதுக்குப் பழகவில்லை. பிறகு பதிவேட்டிலிருந்தும் எடுத்துவிட்டார்கள்.

பள்ளிக்கூடக் கேலி உண்மைதான். தொலைக்காட்சியில் 'நாகினி' தொடர் தமிழ் பேச ஆரம்பித்த பிறகு இன்னும் கூடியிருக்கும். ஆனால் கேலிக்குப் பயந்து பெயர் தேடினால் ஒரு பெயரும் மிஞ்சாது. பிள்ளைகள் எதையும் கேலி செய்வார்கள்.

*

பாம்பைப் பற்றி இரண்டு வார்த்தை, பிள்ளைக்குச் சொல்வதற்கு. பாம்பு பால் குடித்து வாழும் உயிர் அல்ல. புற்றைக் கட்டியதும் அது அல்ல, கறையான். ஆரணிக்குப் பட்டு போலவே அரிசியும் பேர் சொல்லும். அந்த நெல் வயலில் எலியைத் தின்று விளைச்சலைக் காப்பதில் பாம்புக்கும் பங்கு உண்டு. வடநெம்மேலியில் இருளர்கள் 1978-லிருந்து கூட்டுறவுச் சங்கமாக நடத்தும் பண்ணையில் நல்ல பாம்பின் விஷம் எடுக்கிறார்கள். கடிபட்டவனைப் பிழைக்க வைக்கும் மருந்து அதிலிருந்துதான் வருகிறது. அந்தத் தொழிலில் இருந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

கல்யாணத்தன்று பெண்ணின் பின்னலில் நீளமாகப் படுத்திருக்கிறதே, அந்த நகைக்கு ஜடைநாகம் என்று பெயர். பட்டுப்புடவைக்கு மேல் அதைப் போட்டுப் பார்க்காவிட்டால் பாட்டிமாருக்கு அலங்காரம் நிறையாது. தலையில் சூட்டுவதைப் பெயராகச் சூட்டக் கூச்சமா?

*

அந்தத் தறி வீட்டுப் பெண்ணுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன். பெயர் முடிவாகாமலே பிறப்பைப் பதியலாம். ஓராண்டுக்குள் பெயரைக் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம். அதன் பிறகும் பதினைந்து ஆண்டு வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்க வழி உண்டு. அவசரப்பட்டு நட்சத்திர எழுத்துக்கு ஏதோ ஒன்றைப் போட்டுவிட வேண்டாம். நாகஸ்ரீ, நாகன்யா என்று வாலை மாற்றவும் வேண்டாம். நாகம்மாள் பழசாகத் தோன்றினால் நாகம்மை என்று எழுதுங்கள். வீட்டில் நாகு. மாமியார் கோபிப்பார் என்றால், பேத்தியை அந்தப் பெயரால் கூப்பிட அவரிடமே முதலில் அனுமதி கேட்டுவிடுங்கள்.