சிவப்புக் கயிறு

முதியோருக்கென்றே கட்டப்பட்ட மாடிவீடுகளைப் பற்றி நாம் ஒருபோதும் நல்லெண்ணம் கொண்டதில்லை. பெற்ற பிள்ளைகள் இருக்கப் பெரியவர்கள் தனித்து வாழ்வது குடும்பத்துக்கே இழுக்கு என்று வகுப்பறையிலும் முழங்கியிருக்கின்றோம். 2023ஆம் ஆண்டு, இங்கிலாந்தில் வாழும் பெரியம்மாவைக் காணச் சென்றபோதும் அவ்வெண்ணத்துடனேயே சென்றோம்.

அவர் வசிப்பது ஹேஸ்டிங்ஸ் என்னும் பழைய கடற்கரைப் பட்டினத்தில். நோர்மண்டி வில்லியம் 1066இல் இங்கிலாந்தை வென்ற போர் இந்நகரின் பெயராலேயே வழங்குகின்றது. குன்றின்மேல் சிதைந்த கோட்டை. கீழே, மீனவர் வலைகளை வைக்கும் உயர்ந்த கரிய மரக்கொட்டில்கள். புகைவண்டி வந்தபின் இத்தகைய பட்டினங்களில் விடுதிகள் பெருகின. பிற்காலத்தில் மக்கள் விமானமேறி ஸ்பெயினின் வெயிலை நாடவே அவை வெறிச்சோடின. தென்கரை நெடுகிலும் அவ்வாறான இடங்கள் பல முதியோர் மாடிவீடுகளாயின.

பெரியம்மாவுக்கு ஓர் அறை, சிறு குசினி, கடலை நோக்கிய யன்னல். அறுபது வயது நிரம்பியோரே அங்கு குடியிருக்கலாம். எல்லோரும் கூடியிருக்கப் பொதுக்கூடம் உண்டு. பகலில் மேற்பார்வையாளர் உண்டு. ஆயின் செலவு சிறிதன்று. வீடு குத்தகை உரிமையில் உள்ளது. பராமரிப்புக் கட்டணம் வேறு. உரியவர் காலமானாலும், வீடு விலைப்படும்வரை வாரிசுகள் அதைச் செலுத்தியே ஆகவேண்டும்.

“ஏன் பெரியம்மா இந்த வீண்செலவு? அக்காவோடு இருக்கலாமே” என்றோம்.

அவர் குளியலறையில் தொங்கிய சிவப்புக் கயிற்றைக் காட்டினார். அதை இழுத்தால் எந்நேரமும் ஒரு குரல் பதில் கூறும். முந்திய குளிர்காலத்தில் அவர் வழுக்கி விழுந்தபோது அக்குரலே உதவிக்கு ஆள் அனுப்பியதாம்.

“அக்கா விடிய வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவாள். அது கிடக்கட்டும் தம்பி, ஊரிலே தங்கச்சி ராவில் விழுந்தால் ஆர் வருவினம்?”

நாம் விடை கூறவில்லை. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டில் அம்மா தனித்தே இருக்கின்றார். நாம் கற்பிப்பதோ கண்டியில். மாதம் ஒருமுறை சென்று பார்ப்பதைக் கடமை தவறாமை என்று எண்ணியிருந்தோம்.

ஊர் திரும்பியதும் எம்மோடு வருமாறு அம்மாவை வேண்டினோம். சாமியறைக்கு ஆர் விளக்கேற்றுவது என்று மறுத்துவிட்டார். அவரது கட்டிலருகிலிருந்து வேலிக்கு மேலாகக் கயிறு ஒன்றைக் கொண்டுசென்று, அயல்வீட்டு விறாந்தையில் ஒரு மணியைக் கட்டினோம். அம்மா சிரித்தார், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆயினும் அக்கயிற்றின் மறுமுனையில் இருப்பவர்கள் அயலவர்கள், நாம் அல்லர். இடமாற்றத்துக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கின்றோம்.